முறைப்படி வரலாமே என்பவர்களுக்கு

அகதிகளைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கீழே ஒரு கேள்வி வந்து விழுகிறது: "ஏன் திருட்டுத்தனமா வரணும்? முறைப்படி விசா எடுத்து வரலாமே?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடைக்கலம் கேட்க வருகிறேன் என்றால் அநேக நாடுகள் விசாவே தருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த நாட்டு மண்ணிலோ எல்லையிலோ நின்றுதான் கேட்க வேண்டும். டூரிஸ்ட் விசாவுக்குப் போனால் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் அதை எப்படி நிரூபிப்பார்?

முறைப்படி கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2016-ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து ஒரு தம்பதி, தங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து பெய்ரூட்டிலுள்ள பெல்ஜியம் தூதரகத்தில் விசா கேட்டார்கள். அடைக்கலம் கோரத்தான் போகிறோம் என்பதையும் மறைக்கவில்லை. கிடைக்கவில்லை. அப்படியொரு விசா தர ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை என்று 2017 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

விசா இல்லாமல் விமானம் ஏறவும் வழியில்லை. இதில் நம் ஆட்களின் கதையும் இருக்கிறது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அவர்கள் விமான நிலையத்திலேயே உடைகளைக் களைந்து போராடினார்கள். அதே ஆண்டு பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது: உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்ட் அபராதம். இன்று எல்லை என்பது செக்-இன் கவுன்டர்தான். அங்கே நிற்கும் ஊழியருக்கு அகதிச் சட்டம் தெரியாது, கம்பெனிக்கு விழப்போகும் அபராதம் தெரியும். பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார், தலையாட்டுகிறார், அடுத்தவரைக் கூப்பிடுகிறார். வக்கீல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது, மறுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

மிச்சமிருப்பது ஏஜென்ட், போலி பாஸ்போர்ட், படகு.

இப்படித்தான் வர நேரும் என்பது 1951 அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகள் முன் நிற்பவரைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 31-வது பிரிவிலேயே எழுதினார்கள். ஆனால் போலி பாஸ்போர்ட்டை நிஜம்போல நீட்டினால் அது அவருடைய நம்பகத்தன்மையைக் குறைக்கும் என்கிறது பிரிட்டனின் 2004-ம் ஆண்டுச் சட்டம். அதாவது, உள்ளே வரக் கிடைத்த ஒரே வழியைக் காட்டியே, அவர் சொல்லும் சித்திரவதையையும் சந்தேகப்படலாம். எனக்கு இதைவிடக் கொடுமையாகத் தோன்றுவது வேறில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பிரேசில் 2013 முதல் சிரியா மக்களுக்குத் தூதரகத்திலேயே மனிதாபிமான விசா கொடுத்தது. அவர்கள் விமானத்தில் போய் இறங்கி, அங்கே அகதி விண்ணப்பம் போட்டார்கள்.