இருக்கப் பணம் உண்டு, குடியேறப் பணம் இல்லை

மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தில் சென்னையில் தனியாக வீடு எடுத்துத் தங்க முடியுமா என்று இளையவர்கள் கேட்டால், செலவைக் குறைத்துக்கொள் என்பதுதான் பெரியவர்களிடமிருந்து முதலில் வரும் பதில். வெளியே சாப்பிடாதே, கைபேசியை மாற்றாதே, ஆட்டோவில் ஏறாதே என்று அந்தப் பதில் நீண்டுகொண்டே போகும். மாதச் செலவு இடிக்கிறது என்பது உண்மையே. ஆனால் நான் பார்த்த வரையில் அந்த நெருக்கடியை எப்படியாவது சமாளித்துவிடுகிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவது, புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே ஒரே தவணையில் எடுத்து வைக்க வேண்டிய அட்வான்ஸ் தொகை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பெருங்குடித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். யாருக்கு எவ்வளவு கைக்கு வருகிறது, யார் எந்த மாதம் முன்பணம் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே ஒரு பெண்ணின் கணக்கை, பெயரைத் தவிர்த்துவிட்டு, இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய வீடு திருநின்றவூரில் இருக்கிறது. புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்து, பெருங்குடியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மாலையில் அதே பாதை திரும்பவும் இருக்கிறது. வீட்டில் ஒரு கூடமும் ஒரு அறையும். அண்ணனுக்குத் திருமணமானதும் அந்த அறை அண்ணனுக்கும் அண்ணிக்கும் போய்விட்டது. தனியே போக நினைப்பதற்குக் குடும்பச் சண்டையோ நாகரிக மோகமோதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், கூடத்தில் தொலைக்காட்சி அணையும் வரை பாயை விரிக்கக் காத்திருந்து, காலை நான்கரைக்கு எழுந்து பார்க்க வேண்டும்.

சம்பளச் சீட்டில் 20,000 என்று இருந்தாலும் அது முழுதாகக் கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் போகும். இஎஸ்ஐக்கு முக்கால் சதவீதம், 150 ரூபாய். மாநகராட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அதை மாதத்துக்குப் பிரித்தால் 200 ரூபாய்க்குச் சற்று மேல். ஆக, கையில் நிற்பது ஏறத்தாழ 17,850.

இந்தப் பணத்தில் அவர் பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அறை பார்த்தார். சமையல் மேடையும் குளியலறையும் உள்ளேயே உள்ள, மாடிப்படிக்கு அடியில் கதவு வைத்த ஒற்றை அறை; வாடகை 6,500. மின்சாரத்துக்கு 500, பராமரிப்புக்கும் கேன் தண்ணீருக்கும் 400, சமையல் சாமான்களும் எரிவாயுவும் 4,500, போக்குவரத்து 600, கைபேசி 350, சோப்பு முதல் மாத்திரை வரை 1,000, வீட்டுக்கு அனுப்ப 3,500. கூட்டினால் 17,350, மாதக் கடைசியில் 500 ரூபாய் மிஞ்சும். காய்ச்சல் வந்தாலோ தோழியின் திருமணம் வந்தாலோ அந்த 500 காணாமல் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வண்டி ஓடும். நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருகிறது. ஒற்றை அறையில் ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்தில் 120 யூனிட் ஆனால், தனி இணைப்பு இருக்கும்பட்சத்தில் 100 ரூபாய்கூடக் கட்ட வேண்டியிராது. ஆனால் இத்தகைய அறைகளில் தனி இணைப்பு இருப்பதில்லை. உரிமையாளரின் இணைப்பிலிருந்து ஒரு துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 8 ரூபாயோ 9 ரூபாயோ என்று கணக்குப் போடுகிறார்கள். 9 ரூபாய் என்றால் அதே 120 யூனிட்டுக்கு 1,080 ரூபாய். ஏழைக்கென்று அறிவித்த சலுகை, வாடகை அறையில் இருக்கும் ஏழையின் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது.

இனி அட்வான்ஸ் கணக்குக்கு வருகிறேன். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். இப்போது சிலர் ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள். அந்த அறைக்கு ஆறு மாதம் என்றால் 39,000 ரூபாய். அதனுடன் முதல் மாத வாடகை 6,500, தரகருக்கு ஒரு மாத வாடகை 6,500, அடுப்பு, எரிவாயு இணைப்பு, மெத்தை, மின்விசிறி, வாளி, குக்கர் ஆகியவற்றுக்கு எவ்வளவு சிக்கனமாகப் பார்த்தாலும் 9,000, சாமான்களை ஏற்றிவர 2,000. மொத்தம் 63,000. பத்து மாத அட்வான்ஸ் என்றால் 89,000. பெற்றோருடன் இருக்கும்போது, வீட்டுக்குக் கொடுத்தது, பயணம், தம்பியின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு எல்லாம் போக, அவரால் சேர்க்க முடிவது மாதம் 3,000. அந்த வேகத்தில் 63,000 சேர 21 மாதங்கள் ஆகும். 89,000 சேர ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். அதற்குள் அந்த அறையின் வாடகை ஏறியிருக்கும், அட்வான்ஸும் ஏறியிருக்கும்.

கடன் வாங்கலாமே என்பார்கள். அம்மாவின் வளையலை அடகு வைக்கலாம், ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கலாம், கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் மாதம் 500 ரூபாய் மட்டுமே மிஞ்சும் கணக்கில் வட்டியையும் தவணையையும் எங்கிருந்து கட்டுவது? மாதக் கணக்கு தனியாகப் பார்த்தால் நிற்கிறது. அட்வான்ஸுக்கு வாங்கிய கடனை அதன்மேல் ஏற்றினால் அன்றைக்கே விழுந்துவிடுகிறது. தனியே போய் ஆறாவது மாதம் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கனம் தெரியாமல் திரும்பி வந்தார்கள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டைப் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் அதே பிரிவில், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர என்ற ஒரு விலக்கும் இருக்கிறது. உரிமையாளர் கேட்பதைக் கொடுக்காதவருக்கு வீடு இல்லை என்ற நிலையில், வாடகைக்கு வருகிறவர் கையெழுத்துப் போடும் எந்தத் தாளும் வேறு விதமான ஒப்பந்தம்தான். மூன்று மாதம் என்ற வரம்பு அப்படியே நின்றிருந்தால், நான் சொன்ன பெண்ணுக்குத் தேவைப்படும் மொத்தத் தொகை 43,500ஆக இறங்கும். 21 மாதக் காத்திருப்பு பதினான்கரை மாதமாகும். அரசு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஒரு தொழிலாளிக்கு ஆறரை மாதத்தை மிச்சப்படுத்தித் தரக்கூடிய திருத்தம் இது. அந்த விலக்கை, ஒரு குறிப்பிட்ட வாடகைக்குக் கீழுள்ள வீடுகளுக்காவது நீக்க வேண்டும் என்பது என் நிலை.

வீட்டு உரிமையாளர்களையெல்லாம் கொடுமைக்காரர்களாகக் காட்டுவது என் நோக்கமல்ல. ஓய்வூதியம் இல்லாமல், இரண்டு போர்ஷன் வாடகையில் மருந்தும் மளிகையும் வாங்கும் முதியவர்கள் ஏராளம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததைக் கண்டவர்களுக்கு, காலி செய்ய மாட்டார்களோ என்ற பயம் இன்னும் விலகவில்லை. வாடகை பாக்கி, உடைந்த குழாய், கட்டாத மின்கட்டணம் ஆகியவற்றுக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்பதும் நியாயமே. மூன்று மாதத் தொகை அதற்குப் போதும். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் பெரும்பாலும் வட்டியில்லாக் கடனாகத்தான் பயன்படுகிறது. மாடி கட்டுவதற்கும் மகளின் திருமணத்துக்கும் அந்தப் பணம் போய்விடுவதால்தான், காலி செய்கிறவரிடம் அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தரட்டும், அதிலிருந்து தருகிறேன் என்று சொல்ல வேண்டி வருகிறது. அதிலும் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வார்கள். பழைய அட்வான்ஸ் திரும்பாமல் புது அட்வான்ஸ் கட்ட வேண்டியிருப்பதால், ஒரு முறை தனியே போய்விட்டவருக்கும் இரண்டாவது வீடு முதல் வீட்டைப் போலவே எட்டாமல் நிற்கிறது.

விடுதிகள் இவ்வளவு பெருகியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வேளச்சேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் தெருவுக்கு நான்கு விடுதிகள் இருக்கின்றன. ஒரு மாத முன்பணத்துடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதே அவற்றின் முதல் கவர்ச்சி; சாம்பார் யாரையும் இழுக்கவில்லை. அரசும் வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகளைத் தாம்பரம், கூடுவாஞ்சேரி முதலிய இடங்களில் நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தது. இவை நல்ல பணிகள், இன்னும் வேண்டும். ஆயினும் கிடைப்பது ஒரு படுக்கைதான். அப்பா வைத்த எட்டு மணிக் கட்டுப்பாட்டிலிருந்து வார்டன் வைத்த ஒன்பது மணிக் கட்டுப்பாட்டுக்கு மாறுவதைத் தனியே போவது என்று அந்தப் பெண்ணே சொல்லமாட்டார்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கும் பேச்சுலர் பையனுக்கும் வீடு மறுக்கப்படுவதும் இந்தக் கணக்கில் சேர வேண்டிய செலவே. தொலைபேசியில் எல்லாம் ஒத்துப்போன பிறகு, நேரில் போனதும், "சொந்த ஊர் எதும்மா, அப்பா என்ன பண்றாரு, கவிச்சி சமைப்பீங்களா" என்று மூன்று கேள்விகள் வரும். மூன்றும் சேர்ந்து எதைக் கேட்கின்றன என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இப்படிப் பத்து வீடுகளில் ஏழு கழிந்துபோனால், மீதி மூன்றைக் காட்டும் தரகருக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும், அந்த மூவர் கேட்கும் அட்வான்ஸையும் பேரம் பேசாமல் கட்டியாக வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால் அட்வான்ஸ் பாதியாகும், அது நல்ல வழி. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும், பணம் வங்கி வழியாகப் போகட்டும், வெள்ளையடிப்புக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே. பிள்ளை தனியே போன முதல் ஆண்டில், வீட்டுக்குத் தரும் பணத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்தால் அதைப் பாசம் குறைந்ததாக எண்ணி உறவினர்களிடம் சொல்லாதீர்கள்.

ஆனால் உண்மையில் கை கொடுக்கக்கூடியவர்கள் முதலாளிகள் என்பேன். திருமணத்துக்கு முன்பணம் தருகிறோம், மருத்துவச் செலவுக்குத் தருகிறோம், இருசக்கர வண்டிக்குக்கூடத் தருகிறோம். வீட்டு அட்வான்ஸுக்கு மட்டும் தருவதில்லை. மூன்று மாத வாடகையை வட்டியில்லாமல் கொடுத்து, பதினெட்டு மாதங்களில் பிடித்தால், அந்த 6,500 ரூபாய் அறைக்கு மாதம் 1,083 ரூபாய்தான் வரும். அதுவும் அவருடைய 500 ரூபாய் மிச்சத்துக்கு மேல்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வரும் தீபாவளி போனஸ், குறைந்த அளவில் பார்த்தாலும் ஏறத்தாழ 7,000 ரூபாய், அந்த இடைவெளியை ஓராண்டுக்கு அடைத்துவிடும். வேலைக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியில்லாத ஊழியர் நிறுவனத்துக்கும் லாபம்தான்.

இதை எங்கள் முதலாளியிடம் சொன்னேன். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்றார். திருமண முன்பணத்துக்கும் அதே கேள்வி உண்டு, கடைசி மாதக் கணக்கைத் தீர்க்கும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பத் தாளிலேயே ஒரு வரி அச்சடித்து ஊழியரிடம் கையெழுத்து வாங்குகிறோம், காரணங்களின் பட்டியலில் வீட்டு முன்பணம் என்று இன்னொன்றைச் சேர்த்தால் போதும் என்றேன். மார்ச் கணக்கு முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.