ஆல்பம் அட்டையில் இருக்கும் பெயர்கள்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் ரொம்ப நாள் கழித்து போன் செய்தான். பேச்சுவாக்கில், "இன்னுமாடா ஈமோ கேக்குற? அதுல இப்ப யாருடா இருக்கா? எல்லாம் 2008லயே முடிஞ்சு போச்சே" என்றான். ஈமோ என்றால் மனசின் வலியை ஒளிக்காமல் பாடும் ஒரு வகை ராக் இசை. அவன் கேட்டது கேலி இல்லை, உண்மையான வருத்தம். ஒரு காலத்தில் என்னைவிட வெறியாகக் கேட்டவன் அவன். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் ஈமோவுக்குள் வந்தது ஒரே ராத்திரியில். 2006 கடைசி. மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற பேண்டின் 'தி பிளாக் பரேட்' ஆல்பம் வெளியாகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. சீனியர் அண்ணன் ஒருவர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். புற்றுநோயில் சாகக் கிடக்கும் ஒருவனைச் சுற்றி எழுதப்பட்ட ஆல்பம் அது. அதே வருஷம் எங்கள் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போனபோது, வாசலில் நின்ற பெரியப்பா என் தோளைப் பிடித்து, "ஆம்பளப் புள்ள அழக் கூடாது" என்றிருந்தார். நான் அழவில்லை. ஐந்து மாதம் கழித்து ஹாஸ்டல் அறையில், முகம் தெரியாத ஒரு நியூ ஜெர்சிக்காரன் தொண்டை கிழியப் பாடுவதைக் கேட்டு அழுதேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த இசை முடிந்துபோயிற்று என்று யார் சொன்னாலும் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

அவன் ஏன் அப்படி நினைக்கிறான் என்று எனக்குப் புரிகிறது. நான் சந்தா கட்டிக் கேட்கும் செயலியும் பல வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. "உங்களுக்காகப் புதிது" என்று ஒரு பட்டியல் வரும். திறந்தால் 2001இன் ஜிம்மி ஈட் வேர்ல்ட், 2002இன் டேக்கிங் பேக் சண்டே, 2005இன் ஃபால் அவுட் பாய். எல்லாமே எனக்குத் தூக்கத்திலும் பாட வரும். இதைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்பதுதான் அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான கணக்கு. என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அதே பத்து ஆல்பத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டால், கணக்கும் அந்தப் பத்தையே சுற்றிவரும். எங்கேயோ ஒரு வீட்டு நிலவறையில் பதிவாகி, இருநூறு பேர் மட்டும் கேட்டிருக்கிற ஆல்பம் அந்தக் கணக்குக்குள் வரவே வராது.

நினைவுக்கென்று தனிச் சந்தையும் இருக்கிறது. 2022 அக்டோபரில் மை கெமிக்கல் ரொமான்ஸும் பாரமோரும் தலைமை தாங்க, லாஸ் வேகாஸில் ஒரு பெரிய விழா நடந்தது. 'வென் வீ வேர் யங்' என்று விழாவுக்குப் பெயர். நாம் சின்ன வயசாக இருந்தபோது. போய் நின்று பாடியவர்களின் சந்தோஷத்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். என்னால் முடிந்திருந்தால் நானும் போயிருப்பேன். ஆனால் அன்று ஹாஸ்டலில் என்னை உலுக்கியதில் பாதி, இப்படி ஒன்றை இதுவரை கேட்டதே இல்லையே என்ற அதிர்ச்சி. அந்தப் பாதியைப் பழைய பாட்டால் மறுபடி கொடுக்க முடியாது.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இன்று ஈமோ ரசிகர்கள் எல்லோரும் தலையில் தூக்கி வைத்திருக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் என்ற பேண்டின் முதல் ஆல்பம் வந்தது 1999இல். இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பையன்கள். டிரம்ஸ் வாசித்தவரே ட்ரம்பெட்டும் ஊதினார். ஆல்பம் வந்தபோது பெரிய பரபரப்பு எதுவும் இல்லை, பேண்டும் கலைந்துவிட்டது. பிறகு பல வருஷம் கைக்குக் கை, காதுக்குக் காது என்று அது பரவி, 2014இல் அவர்கள் திரும்ப மேடையேறினார்கள். ஆர்பானா ஊரில் இருக்கும், அட்டையில் வந்த அந்த வெள்ளை வீட்டின் முன்னால் ரசிகர்கள் போய் நின்று படம் எடுக்கிறார்கள். 2023இல் பேண்டும், ஆல்பத்தை வெளியிட்ட பாலிவினைல் லேபிளும், இன்னும் சிலரும் சேர்ந்து அந்த வீட்டையே வாங்கிவிட்டார்கள். எனக்கு அந்த ஆல்பம் உயிர். ஆனால் 1999இல் நான் அதைக் கேட்டிருப்பேனா? அன்றைக்கு அதுவும் யாருக்கும் தெரியாத மூன்று மாணவர்களின் ஆல்பம்தானே. இன்றைக்கும் அப்படி மூன்று பேர் எங்கேயோ வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை இருபது வருஷம் கழித்துக் கண்டுபிடிக்க எனக்கு விருப்பம் இல்லை.

எப்படித் தேடுகிறேன் என்று சொல்கிறேன். "இது மாதிரி இன்னொன்று" என்று தேடுவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது ஆட்களைத்தான் தேடுகிறேன். ஆல்பம் அட்டையின் பின்பக்கம், உள்தாள், யார் பதிவு செய்தார், எந்த ஸ்டுடியோ, யாருக்கு நன்றி. அந்தச் சின்ன எழுத்துகளில்தான் வழி இருக்கிறது.

சிகாகோவில் தொண்ணூறுகளில் கேப்ன் ஜாஸ் என்று ஒரு பேண்ட். பள்ளிக்கூடப் பையன்கள். அதில் ஒருவர் மில்வாக்கியில் தி ப்ராமிஸ் ரிங் என்ற பேண்டைத் தொடங்கினார். பாடிய டிம் கின்செல்லா ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இன்னொரு பேண்டுக்குப் போனார். அவருடைய தம்பி மைக்தான் பிறகு அமெரிக்கன் ஃபுட்பாலில் பாடியவர். ஒரு பெயரைப் பிடித்தால் ஒரு குடும்பமே வருகிறது. பத்து வருஷம் தள்ளி பென்சில்வேனியாவில் அல்ஜெர்னான் காட்வாலடர் என்ற பேண்ட்காரர்கள் வருகிறார்கள். கேப்ன் ஜாஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது முதல் நிமிஷத்திலேயே தெரியும். அதில் கிட்டார் வாசித்த ஜோ ரைன்ஹார்ட் பதிவு செய்யும் வேலையும் செய்கிறவர். அவர் பெயர் போட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் ஜாய்ஸ் மேனரின் 2014 ஆல்பத்தைக் கேட்டேன், மாடர்ன் பேஸ்பாலின் 2016 ஆல்பத்தைக் கேட்டேன், அவரே கிட்டார் வாசிக்கும் ஹாப் அலாங் பேண்டிடம் போய்ச் சேர்ந்தேன். ஹாப் அலாங்கை ஈமோ என்று சொல்வார்களா என்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. அதில் பாடும் பிரான்சிஸ் குயின்லனின் குரல் ஒரு வரிக்குள்ளேயே உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே மேலே ஏறும். எந்தச் செயலியும் என்னிடம் கொண்டுவந்து தராத குரல் அது.

இன்னொரு பெயர் ஜே. ராபின்ஸ். தி ப்ராமிஸ் ரிங்கின் 1997 ஆல்பம், ப்ரெய்டின் 1998 ஆல்பம் இரண்டையும் பதிவு செய்தவர். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஹூஸ்டனின் 'ஃபுட்பால், எட்செட்ரா' என்ற பேண்ட் வந்தது. அங்கிருந்து கவுண்ட் யுவர் லக்கி ஸ்டார்ஸ் லேபிள். மிச்சிகனில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தியது, இருவரும் சேர்ந்து ஒரு பேண்டிலும் வாசித்தார்கள். அந்த லேபிளின் பட்டியலை வரிசையாகக் கேட்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. பாதி பிடிக்கவில்லை. பிடித்த பாதி இன்றும் கூடவே இருக்கிறது.

இசைக்காரர்களே தங்கள் ஆல்பத்தை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் தெரியும். ஒன்றைத் தொட்டால் அவர் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார் என்று முழுக்கப் பார்க்கலாம். எனக்குப் பிடித்த, யாருக்கும் தெரியாத ஆல்பத்தை வாங்கிய ஒருவரின் அலமாரியை விடச் சிறந்த பரிந்துரை எனக்குத் தெரிந்து இல்லை. 2020 மார்ச்சில், எல்லா மேடையும் மூடிக் கிடந்த நேரத்தில், சில வெள்ளிக்கிழமைகளில் விற்பனையில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விடும் வழக்கத்தை அந்தத் தளத்துக்காரர்கள் தொடங்கினார்கள். நான் அந்த வெள்ளிக்குக் காத்திருந்து வாங்குவேன்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். நாங்கள் ஹாஸ்டலில் கத்திப் பாடிய பாட்டுகளில் பலவற்றின் வரிகளை இப்போது உட்கார்ந்து வாசித்தால் மனசு ஒப்பவில்லை. அவள் போய்விட்டாள், அவள் ஏமாற்றினாள், அவளால்தான் நான் இப்படி. அவளுக்குப் பெயர் கிடையாது, அவள் பக்கத்துக் கதை கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஜெசிக்கா ஹாப்பர் இதைத்தான் 2003லேயே 'பங்க் பிளானெட்' இதழில் ஒரு கட்டுரையாக எழுதினார். எனக்கு அது கண்ணில் படவே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படித்த அன்று ராத்திரி என் பழைய பிளேலிஸ்டை மறுபடி கேட்டேன். அவர் சொன்னது சரி.

2008இல் நிறுத்திவிட்டவர்கள் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். பிறகு வந்தவர்கள் அந்த வலியை வேறு இடங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புளோரிடாவின் பூல் கிட்ஸ், கிறிஸ்டின் குட்வின் பாடி, கிட்டார் வாசிக்கும் பேண்ட். விரல்கள் அப்படி ஓடும், கோபம் அப்படித் தெளிவாக இருக்கும். பாரமோரின் ஹேலி வில்லியம்ஸே வெளிப்படையாகப் பாராட்டிய பேண்ட் அது. அதே புளோரிடாவிலிருந்து ஹோம் இஸ் வேர். பாடும் பீ மெக்டொனால்ட் ஒரு திருநங்கை. அவர்களின் 2021 ஆல்பம் இருபது நிமிஷம்கூட ஓடாது. அதற்குள் மௌத் ஆர்கன் அலறுகிறது, ரம்பத்தை வளைத்து வில்லால் இழைக்கிறார்கள், ஓர் உடம்பு தன்னைத் தானாக உணரத் தொடங்குவது காதில் விழுகிறது. 'ஆம்பளப் புள்ள அழக் கூடாது' என்பதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த இருபது நிமிஷம் 2006ஐவிடப் பெரிதாக இருந்தது.

சீனாவின் வூஹானில் சைனீஸ் ஃபுட்பால் என்று ஒரு பேண்ட். இலினாய்க்காரர்களுக்கு வணக்கம் வைத்து வைத்த பெயர். 2015இல் முதல் ஆல்பம். வரிகள் சீன மொழியில், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னிக்கொள்ளும்போது, யாரோ ஊரைவிட்டுப் போகும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது மட்டும் புரிகிறது. ஆங்கிலமும் 2006இல் எனக்குப் பாதிதான் புரிந்தது.

புதிய ஆல்பத்தை ஒரே தடவை கேட்டுவிட்டு ஒதுக்கவும் மாட்டேன். ஹாஸ்டலில் எங்களிடம் இருந்தது நாலே ஆல்பம், வேறு வழியில்லாமல் நாற்பது தடவை கேட்டோம். அதில்தான் அன்பு வந்தது. இப்போது ஒரு வாரத்துக்கு ஒரு ஆல்பம் என்று வைத்துக்கொண்டு, காலையில் நடக்கும்போது அதை மட்டும் கேட்கிறேன். நாலாவது நாளில்தான் சில கதவு திறக்கிறது.

நண்பனுக்கு எதிலிருந்து தொடங்கிக் கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு எப்போதும் கிட்டார்தான் முதலில், அதனால் பூல் கிட்ஸின் 2022 ஆல்பமாக இருக்கலாம். அல்ஜெர்னான் காட்வாலடர் 2011க்குப் பிறகு 2025இல் ஒரு முழு ஆல்பம் போட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்து அனுப்பலாம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இந்த இரண்டு வருஷத்தில், அதிகம் பேர் கேட்காத ஈமோ ஆல்பம் ஒன்றை மனதோடு கேட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பேண்டின் பெயரோடு, அதில் வாசித்தவர்கள் பெயரும் பதிவு செய்தவர் பெயரும் சேர்த்துப் போடுங்கள்.