வைஃபைக்கே வயரா!

(சுவருக்கு இன்னும் பூச்சு வேலை தொடங்கவில்லை. மாப்பிள்ளை செங்கல் மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கார மாமா பின்னால் நின்று மனக்கணக்குப் போடுகிறார். வீட்டுக்காரர்கள் வேறெதற்கு நிற்பார்கள்?)

மாமா: என்ன மாப்பிள்ளை, சுவர் முழுக்கக் கிறுக்கல்?

மாப்பிள்ளை: நெட், டிவி, போன் மூன்றுக்கும் பைப் போகிற வழி, மாமா. பூசிய பிறகு சுவரை வெட்டினால், கொத்தனார் என்னை வெட்டுவார்.

மாமா: எல்லாம்தான் வைஃபை ஆகிவிட்டதே. காற்றில் வருவதற்குப் பைப் எதற்கு?

மாப்பிள்ளை: கான்கிரீட் சுவர் ரெண்டைத் தாண்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். டிவி, கம்ப்யூட்டர் என்று ஓரிடத்தில் கிடக்கிற சாமானுக்கு வயர். கையோடு அலைகிற போனுக்கு வைஃபை. மாடியில் வைக்கிற வைஃபை டப்பாவுக்கும் ஒரு வயர் இழுக்க வேண்டும்.

மாமா: வைஃபைக்கே வயரா! நல்ல கூத்து.

மாப்பிள்ளை: பிஓஇ ஸ்விட்ச் என்று, நெட்டைப் பல வயருக்குப் பிரித்துக் கொடுக்கிற ஒரு டப்பா இருக்கிறது. அதை வாங்கினால் வைஃபை டப்பாவுக்கான கரண்டும் அதே நெட் வயரில் போய்விடும்.

மாமா: அப்படிச் சொல்லு! நெட் வயரையும் கரண்டு பைப்பிலேயே நுழைத்துவிடு. பைப் மிச்சம்.

மாப்பிள்ளை: ஐயோ, இதில் போவது சுமார் 48 வோல்ட். அதில் ஓடுவது மெயின். எங்கேயாவது தோல் உரிந்தால் உங்கள் கம்ப்யூட்டர் ஜோதியில் கலந்துவிடும். ரெண்டுக்கும் ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். தவிர்க்க முடியாத இடத்தில் கூட்டல் குறி மாதிரி நேர் குறுக்காகத் தாண்டிப் போய்விட வேண்டும், பக்கத்திலேயே ஓடக் கூடாது.

மாமா: உன் அக்காவும் என் அம்மாவும் மாதிரி.

(மாப்பிள்ளைக்குத் திடீரென்று இருமல்.)

மாமா: சரி, ஹாலில் தொடங்கி ஒரே வயரை அறை அறையாகத் தொட்டுக்கொண்டு போயேன்.

மாப்பிள்ளை: பழைய போன் லைனை அப்படிப் போட்டார்கள். நடுவில் ஒரு ஜாயின்ட் போனால் அதற்குப் பின்னால் எல்லா அறையும் ஊமை. நெட்டுக்கு அது சரிப்படாது. ஒவ்வொரு பாயின்ட்டிலிருந்தும் தனி வயர் நேராக ஒரே பெட்டிக்கு வர வேண்டும். இடத்துக்கு ரெண்டு கேட் 6, அதாவது நெட் வயர். டிவி வைக்கிற இடத்துக்குக் கூடுதலாக ஓர் ஆர்ஜி 6, அதாவது டிவி கேபிள் வயர்.

மாமா: போனுக்கு?

மாப்பிள்ளை: அதற்கும் கேட் 6தான். உள்ளே நாலு ஜோடி கம்பி, போனுக்கு ஒரு ஜோடி போதும். போன் வேண்டாமென்றால் பெட்டியில் மாற்றிக் குத்திவிட்டு அதையே நெட்டாக்கிக்கொள்ளலாம்.

மாமா: மூன்று ஜோடி தண்டமாகக் கிடக்குமே! அதில் நெட்டையும் ஓட்டிவிடு.

மாப்பிள்ளை: கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் வேகம், ஓட நாலு ஜோடியும் வேண்டும். ரெண்டில் ஓட்டினால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

மாமா: வயரே 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாதாமே?

மாப்பிள்ளை: உங்கள் வீட்டில் 100 மீட்டர் வர வேண்டுமென்றால் ஒரே அறையைப் பல தடவை சுற்ற வேண்டும்.

மாமா: (முகம் சுருங்கி) இதோ, இந்தப் பைப் காலியாக இருக்கிறதே?

மாப்பிள்ளை: உள்ளே நைலான் கயிறு மட்டும் போட்டிருக்கிறேன். பின்னால் ஃபைபர் இழுக்க வேண்டி வந்தால் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

மாமா: வராத வயருக்கும் பைப் நான்தான் வாங்க வேண்டுமா! சரி, அந்தப் பெட்டி எங்கே? கண்ணில் படவே கூடாதென்று உன் அக்கா உத்தரவு. குளியலறையில் வைத்துவிடலாமா?

மாப்பிள்ளை: ஈரம் ஆகாது மாமா.

மாமா: பழைய இரும்பு பீரோ இருக்கிறது. உள்ளே வைத்துப் பூட்டிவிடு.

மாப்பிள்ளை: ரூட்டரை இரும்புக்குள் பூட்டினால் வைஃபையும் உள்ளேயே கிடக்கும். மாடிப்படிக்குக் கீழேதான் சரியான இடம். காற்றோட்டம் இருக்கிறது, ரெண்டு பிளக் பாயின்ட் வைத்தால் போதும். வயர் முனை ரெண்டிலும் நம்பர் ஒட்டிவிடுவேன். இல்லாவிட்டால் எது எந்த அறை என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

மாமா: மாடிப்படிக்குக் கீழேயா? அது துடைப்பத்துக்கு என்று அவள் எப்போதோ குறித்துவிட்டாளே.

மாப்பிள்ளை: நீங்கள் அக்காவிடம் பேசுங்கள்.

மாமா: உன் அக்கா. நீ பேசு.

மாப்பிள்ளை: உங்கள் மனைவி.

(ரெண்டு பேரும் சாக்பீஸையே பார்க்கிறார்கள். வேலை நின்றுவிட்டது.)

மாமா: ஏன் மாப்பிள்ளை, குளியலறையில் அப்படி என்ன பெரிய ஈரம் இருந்துவிடப் போகிறது?