அட்டை கொடுத்தால் ஆயிற்றா?

அரிவாள் செல் ரத்தசோகையை 2047-க்குள் ஒழிப்போம் என்று 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. சோதனை முடிவு எழுதிய ஒரு அட்டையும் ஆளுக்கு உண்டு. கணவன், மனைவி இருவரிடமும் இந்த நோய்க்கான மரபணு இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் கல்யாணத்துக்கு முன்பு அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். (பெண்ணின் அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போன வாரம் பிறந்த குழந்தைக்கு அதனால் என்ன பயன்?

இந்த நோயுள்ள குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்துபோக முக்கியக் காரணம் கிருமித்தொற்று. இந்த நோயில் அரிவாள் போல வளைந்துபோகும் சிவப்பணுக்கள் மண்ணீரலில் அடைத்துக்கொண்டு, முதல் சில ஆண்டுகளிலேயே அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ரத்தத்தில் புகுந்த நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை வடிகட்ட வேண்டிய உறுப்பு அது. அது இல்லாத பிள்ளைக்குக் காலையில் காய்ச்சல் கண்டால் ராத்திரிக்குள் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இதற்குத் தடுப்பு இருப்பது 1986-லிருந்தே தெரியும். அமெரிக்காவில் இந்தக் குழந்தைகளுக்குத் தினமும் இரண்டு வேளை பென்சிலின் கொடுத்துப் பார்த்தார்கள். நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை 8 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். புது மருந்தோ விலை உயர்ந்த மருந்தோ இல்லை, பழைய பென்சிலின்தான். இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை கொடுக்க வேண்டும். அப்படியானால் நோய் இருப்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும் இல்லையா?

அங்கேதான் இடிக்கிறது. முகாம்களில் செய்யும் மலிவான கரைதிறன் சோதனையை ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் நம்ப முடியாது. கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபின் ரத்தத்தில் நிறைய இருப்பதால் நோய் தெரியாமல் போய்விடும். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு குத்து குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடிகளிடம் பார்த்து எழுதினார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர், இருளர் வீடுகளில் இன்றும் இது இருக்கிறது. அங்கே செவிலியராக இருக்கும் என் சித்தி மகள் சொன்னது: ஒன்பது மாதக் குழந்தை, இரண்டு புறங்கையும் பன் மாதிரி வீங்கி, தொட்டாலே அலறுகிறது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கை, கால் எலும்புக்கு ரத்தம் போகாமல் வரும் வீக்கம் அது. பல குழந்தைகளிடம் இந்த நோய் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். மலைப்பகுதியில் வேலை பார்க்கும் யாருக்கும் இது பாடமாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஜமைக்காவில் தாய்மார்களுக்கே ஒரு காரியம் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையைப் படுக்க வைத்து, இடது விலா எலும்புக்குக் கீழே விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பது. மண்ணீரல் திடீரென்று பெரிதாகித் தட்டுப்பட்டால் ரத்தமெல்லாம் அதற்குள் தேங்குகிறது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இப்படி ரத்தம் தேங்கி வந்த சாவுகள் அங்கே வெகுவாகக் குறைந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்வார். அப்புறம், காய்ச்சல் 101-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

மலையிலும் இப்போது பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. தாயும் சேயும் வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தச் சொட்டு ரத்தத்தை எடுத்துவிடலாம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது ரிசல்ட் தயாராக இருந்தால், பென்சிலினைப் பற்றி அன்றைக்கே பேசிவிடலாம். நிமோகாக்கஸ் தடுப்பூசியின் முதல் தவணையும் அன்றைக்குத்தான்.