குப்பைக்குத் திட்டம் இருக்கிறது, கணக்குக் கேட்கத்தான் ஆள் இல்லை

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது வெயிலைத் திட்டினோம், குப்பைக்குள் உண்டாகும் மீத்தேன் வாயுவைத் திட்டினோம். தேதியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பழைய குப்பைமேடுகளைச் சரிசெய்ய 5 ஆண்டு கெடு கொடுத்திருந்தன. கெடு முடிந்து ஒரு வருஷம் கழித்து எரிந்தது அந்த மேடு.

திட்டம் இல்லாமல் இல்லை. அந்த விதிகளின்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் திடக்கழிவுத் திட்டம் போட வேண்டியிருந்தது, வருஷா வருஷம் ஜூன் 30க்குள் நான்காம் படிவத்தில் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. ஆய்வுக் கூட்டங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களில் இருந்து வெளியே வரும் செய்தியைப் பாருங்கள். எத்தனை வண்டி ஓடியது, எத்தனை டன் அள்ளினார்கள், எத்தனை வீடுகளில் வாங்கினார்கள், அவ்வளவுதான். அள்ளியது கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் காணாமல் போய்விடும்.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பேட்டரி வண்டி வருகிறது, பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் இருக்கிறது. வண்டி ஓட்டும் அக்கா, யாராவது கலந்து கொடுத்தால் அங்கேயே கொட்டிக் கையால் பிரிக்கிறார். பேப்பரில் சுற்றிய நாப்கினுக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு சாக்கு. இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தது தெருமுனையில் நிற்கும், குப்பையை அமுக்கி ஏற்றும் காம்பாக்டர் லாரிக்குள் ஒன்றாகப் போய் விழுகிறது. பதிவேட்டில் எங்கள் தெரு தரம் பிரித்துக் கொடுக்கும் தெரு. பொய் இல்லை, கொடுக்கிறோம்தான்.

சென்னையில் ஒரு காலத்தில் ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில்தான் பணம். எடை கூடினால் வரும்படி கூடும் என்றால், மக்கும் குப்பையைத் தெருவிலேயே உரமாக்கி எடையைக் குறைக்க எவருக்கு மனசு வரும்? ஆய்வில் எதை அளக்கிறோமோ அதுதான் நடக்கும்.

அப்புறம் ஏரியா சபை. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் கிராம சபை மாதிரி மக்கள் கூடிப் பேசலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் பகுதியில் வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள். தெருவிளக்கு, சாக்கடை, நாய் எல்லாம் முடிந்து குப்பை வந்தபோது, "தொட்டியை என் வாசல்ல இருந்து எடுத்து அவர் வாசல்ல வைங்க" என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. நான் எழுந்து, நம் வார்டு மக்கும் குப்பையில் எவ்வளவு, அதை உரமாக்கும் நுண் உரக் கூடத்துக்குப் போகிறது என்று கேட்டேன். "அது ஜோன்ல கேக்கணும் சார்" என்றார் வந்திருந்த ஊழியர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த எண்ணை அவரிடம் யாரும் கொடுத்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

நமக்குக் கேட்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டியபோது எந்த மருத்துவமனை, எந்த லாரி என்று துருவித் துருவிக் கேட்டோம். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளா அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வீட்டுக்காரனிடம் கேட்ட அந்தக் கேள்வியை நம் மாநகராட்சியிடம் கேட்க மட்டும் ஏன் கூச்சம்?

பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலைக்குச் சுமார் 350 கோடி ரூபாய். வேண்டிய வேலைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் சென்னையில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் புதுக் குப்பை சேர்கிறது. அதில் பிரிக்காமல் கொட்டுவதை எல்லாம் நாளைக்கு இன்னொரு டெண்டர் விட்டுத் தோண்ட வேண்டிவரும்.

எடைமேடையில் லாரிக்கு லாரி சீட்டு போடுகிறார்கள். அதை வார்டுவாரியாகப் பிரித்து, உரத்துக்கு இவ்வளவு, மறுசுழற்சிக்கு இவ்வளவு, மேட்டுக்கு இவ்வளவு என்று மாதம் ஒரு தாள் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை வைத்து ஏரியா சபையில் பேசலாம். அடுத்த கூட்டத்துக்கு இதையே மனுவாக எழுதிக்கொண்டு போகிறேன். எங்கள் வார்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கையெழுத்துப் போட வாருங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லியும் அதிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.