சத்திரம் வரைக்கும் ஒழுங்கா ஒரு பஸ் விடுங்கள், போதும்

சபரிமலைக்குப் போகிற புல்மேட்டுப் பாதை கஷ்டம் என்று சொல்கிறவர்கள், குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற வண்டிப்பெரியாறு ஜங்ஷனில் காலை 10 மணிக்குத் தலையில் இருமுடியோடு நின்று பார்க்க வேண்டும். அந்தப் பாதை ஆரம்பிக்கிற சத்திரம் என்கிற ஊரிலிருந்து சன்னிதானத்துக்குக் காட்டு வழி சுமார் 12 கிலோமீட்டர்தான். பக்தர்கள் நடக்கத் தயாராகத்தான் வருகிறார்கள். விரதம் இருந்து, வெறுங்காலில் நடந்து பழகி வருகிறவர்கள் அவர்கள். அவர்களை நோகடிப்பது காடு இல்லை. காடு ஆரம்பிக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் படுகிற பாடுதான்.

நான் வண்டிப்பெரியாற்றுக்காரன். கொழுந்து பறிக்கக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்த குடும்பம். கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம், சின்னமனூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மாலையைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். "மாப்ள, சத்திரத்துக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று ஃபோன் வரும். இந்த ஊரிலேயே இருக்கிற என்னால் அதற்கு ஒரு பதில் சொல்ல முடியவில்லை. சீசனுக்கு ஸ்பெஷல் பஸ் என்று வருஷா வருஷம் அறிவிப்பு வருகிறது. எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டால் ஒருத்தர் ஆறரை என்பார், இன்னொருத்தர் எட்டு என்பார், மூன்றாமவர் ஆள் சேர்ந்தால் போகும் என்பார். வயிறு எரிகிறது.

மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவரை நினைத்துப் பாருங்கள். ரயில் போடியோடு நின்றுவிடுகிறது. அதுவும் பல வருஷம் நின்றிருந்து 2023-இல்தான் மறுபடி வந்தது. கம்பத்துக்கும் குமுளிக்கும் தண்டவாளமே கிடையாது. ஆக விடிகாலையில் பஸ் ஏறி, தேனி, கம்பம் தாண்டி, லோயர் கேம்ப்பிலிருந்து மலைச்சாலையில் வளைந்து வளைந்து குமுளி வந்து இறங்குகிறார். தமிழ்நாட்டு பஸ் எல்லையிலேயே நின்றுவிடும். செக்போஸ்ட்டை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய், கேரளா பஸ்ஸைத் தேட வேண்டும். போர்டு முழுக்க மலையாளம். இந்த இரண்டு மாதமும் அந்த வழியில் வருகிற கூட்டத்தில் பெரும்பாலானோர் தமிழர்கள், அப்புறம் தெலுங்குக்காரர்கள். ஒரு அட்டையில் தமிழில் 'சத்திரம்' என்று எழுதிக் கண்ணாடியில் செருகி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும். உசிலம்பட்டியிலிருந்து முதல் தடவை மாலை போட்டு வருகிற கன்னிசாமிக்கு எப்படித் தெரியும்?

சரி, எப்படியோ விசாரித்து வண்டிப்பெரியாறு வந்துவிட்டார். இங்கிருந்து சத்திரம் பதிமூன்று கிலோமீட்டர் போல. இங்கேதான் நெஞ்சு அடைக்கும். ஏனென்றால் காட்டு கேட் காலை 7 மணிக்குத் திறந்தால் மதியம் 1 மணி, 2 மணிக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். அது பெரியார் புலிகள் காப்பகம். யானை நடமாடுகிற இடம். இருட்டுவதற்குள் சன்னிதானம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கேட் சாத்துகிற நேரம் சரிதான். அந்த நேரம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்தானே? அப்புறம் ஏன் பஸ் அதைப் பார்த்துக் கிளம்புவதில்லை?

போன சீசனில் ஜங்ஷனில் நான் பார்த்தது. ஒரு பெரியவர், கூடவே ஏழெட்டு வயதில் பேரன். இருமுடியைக் கண்ட இடத்தில் இறக்கி வைக்கக் கூடாது என்று தலையிலேயே பிடித்தபடி நிற்கிறார். தூறல் வேறு. நிழற்குடைக்குள் ஒதுங்க இடம் இல்லை. ஸ்பெஷல் பஸ் அங்கேதான் நிற்கிறது, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டால், ஆள் நிறையட்டும் என்கிறார்கள். பத்து மணி பதினொன்று ஆகிறது. பதினொன்று பதினொன்றரை ஆகிறது. ஜீப்காரத் தம்பி வந்து, "சாமி, இப்ப ஏறலைன்னா கேட் சாத்திருவாங்க" என்கிறான். பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரிக்கிறார். உள்ளே நாலாக மடித்த நோட்டுகள். ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுகிறார். மலையடிவாரப் பம்பையிலிருந்து ஊர் திரும்ப பஸ் காசும், வீட்டுக்கு அரவணைப் பிரசாதம் வாங்க வைத்திருந்த காசும் சேர்ந்துதான் அந்தக் கவரில் இருக்கிறது என்று பையனிடம் சொல்கிறார். பிறகு அதிலிருந்தே ஜீப்புக்குக் கொடுத்தார். பஸ் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. ஜீப்பில் ஏற்கெனவே ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். பையன் யாரோ ஒரு சாமியின் மடியில் உட்கார்ந்து போனான்.

ஜீப்காரர்களைத் திட்ட எனக்கு மனசு வராது. எஸ்டேட் முடங்கியபோது வேலை இழந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். இந்த இரண்டு மாதச் சம்பாத்தியம்தான் அவர்களுக்கு. பஸ்ஸை நேரத்துக்கு எடுக்காதவர்கள்தான் ஒரு ஏழைக் கிழவரின் மடியில் கை வைக்கிறார்கள்.

சொந்த வண்டியில் வரவேண்டியதுதானே என்று ஒரு கேள்வி வரும். பாதையைத் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. சத்திரத்தில் ஏறினால் சன்னிதானத்தில் இறங்குவீர்கள். தரிசனம் முடித்துப் பம்பைக்கு இறங்கிவிடுவீர்கள். சத்திரத்தில் விட்ட வண்டியை யார் எடுத்து வருவது? டிரைவர் தனியாக குட்டிக்கானம், முண்டக்கயம், எருமேலி என்று மலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஒரு இடத்தில் ஏறி வேறு இடத்தில் இறங்குகிற இந்த வழி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு என்றே அமைந்தது. அவர்களுக்குத்தான் பஸ் இல்லை.

சத்திரத்தில் விமான ஓடுதளம் இருக்கிறது தெரியுமா? என்.சி.சி. பிள்ளைகளின் பயிற்சிக்காகக் கட்டினார்கள். 650 மீட்டர் நீளம். 2022 டிசம்பரில் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. நல்ல விஷயம், பிள்ளைகள் பறக்கப் பழகட்டும். அந்த மலைக்கு விமானத்தையே கொண்டுவர முடிந்ததே, காலை ஆறு மணிக்கு ஒரு பஸ்ஸைக் கொண்டுவர முடியாதா?

முடியாது என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். 2018 வெள்ளத்தில் பம்பை அழிந்த பிறகு வண்டிகளை எல்லாம் பம்பைக்கு முன்னாலேயே, நிலக்கல்லில் நிறுத்தச் சொன்னார்கள். அங்கிருந்து பம்பைக்கு ராத்திரி பகலாகத் தொடர்ச்சியாக பஸ் ஓடுகிறது. லட்சக்கணக்கான பேரை அப்படித்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். வேலை தெரிந்தவர்கள்தான். இந்தப் பக்கம் வருகிறவர்கள் மேல் அக்கறை இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது.

மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். பாதை வழுக்கும் என்று அன்றைக்கு அனுமதி கிடையாது, அதுவும் சரி. அந்தத் தகவலைக் குமுளியிலேயே சொல்லலாம் அல்லவா? சத்திரம் வரை போய், கேட் முன்னால் நின்ற பிறகுதான் தெரிகிறது. திரும்பி வர பஸ் எப்போது என்று அங்கேயும் யாருக்கும் தெரியாது. மறுபடி ஜீப், மறுபடி வண்டிப்பெரியாறு, பிறகு எருமேலியைச் சுற்றிப் பம்பை. ஒரு பகல் அப்படியே போய்விடும். நாற்பத்தொரு நாள் விரதம் இருந்த உடம்பு பஸ் ஸ்டாண்டுத் தரையில் துண்டை விரித்துப் படுக்கும்.

இந்த மலையில் கூட்டத்தை எப்படியோ வரட்டும், எப்படியோ போகட்டும் என்று விட்டதன் விலை என்ன என்று எங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரி 14 ராத்திரி, மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் புல்மேட்டில் நெரிபட்டு நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நிறையப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தப் பொழுது விடிந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. 2022 டிசம்பரில் சாமி கும்பிட்டுத் திரும்பிய ஆண்டிபட்டிக்காரர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் கவிழ்ந்து 8 பேர் போனார்கள். பஸ் ஒழுங்காக ஓடினால் ராத்திரியில் மலைச்சாலையில் ஏறி இறங்குகிற வேன்களில் கொஞ்சமாவது குறையும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குமுளியிலிருந்து முதல் பஸ் ஐந்தரைக்கு. அதிலிருந்து அரை மணிக்கு ஒன்று, ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும். கேட் சாத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சத்திரம் போய்ச் சேருகிற மாதிரி கடைசி பஸ். பாதை மூடியிருந்தால் எல்லையிலேயே தமிழில், தெலுங்கில் ஒரு அறிவிப்பு. இது அத்தனையும் கார்த்திகை 1-ஆம் தேதிக்கு முன்னால் முடிவாகி, செக்போஸ்ட் பக்கத்தில் எழுதித் தொங்க வேண்டும். பலகையும் பெயிண்டும் நான் வாங்கித் தருகிறேன், தமிழில் நானே எழுதியும் தருகிறேன். நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.