பத்து விழுந்தால் பத்துதான்

சனிக்கிழமை நம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) செஷனில், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை ஆட்டத்தில், நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) சொன்ன ஒரு விதியை நான் கேள்வி கேட்டேன், அதுதான் விஷயம். ஸ்கிரீன்ஷாட்டுகள் சுற்றி முடிந்தாயிற்று. எனக்கு "ரூல்ஸ் லாயர்", அதாவது விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவள், என்று பட்டமும் கட்டியாயிற்று. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர் "ஒரே ஒரு நம்பருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்தபிறகு முடியவில்லை.

ஆமாம், ஒரே ஒரு நம்பர்தான். அந்த நம்பர் பத்து.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு ஆடுகிற யாருக்கும் இது தெரியும். ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி, பூஜ்யமாகி விழுந்து கிடக்கும் கேரக்டர், தன் முறை வரும்போதெல்லாம் டெத் சேவ், அதாவது பிழைக்கிறதா என்று பார்க்கும் பகடை, உருட்ட வேண்டும். இருபது முகப் பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி. அதற்குக் கீழே என்றால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிற்கும். மூன்று தோல்வி சேர்ந்தால் போயிற்று.

எங்கள் மேசையில் எட்டு மாதமாக ஆடும் பெண்ணின் கேரக்டர் ஒரு ரோக், பதுங்கித் தாக்கும் வகை. அது இரண்டு வெற்றி, இரண்டு தோல்வியில் கிடந்தது. காயம் ஆற்றக்கூடிய கிளெரிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பகடையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக் குலுக்கி உருட்டினாள். அது உருண்டு போய் அவளுடைய கேரக்டர் ஷீட் ஓரத்தில் நின்றது. பத்து. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்து வாய் திறப்பதற்குள் டிஎம் சொன்னார்: "என் டேபிள்ல பத்துக்கு மேல வேணும்." அதோடு அது மூன்றாவது தோல்வி, ரோக் செத்தது.

அந்த விதியை அதற்கு முன்னால் அந்த மேசையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் விதிகளைப் பேசிக்கொள்ளும் செஷன் ஜீரோவில் சொல்லவில்லை, குரூப்பில் போட்டதில்லை. அதைவிட, இதே கேம்பெயினில், அதாவது மாதக்கணக்காக ஓடும் இதே கதையில், நான்கு மாதத்துக்கு முன்னால் பாலடின் என்ற இன்னொரு கேரக்டருக்கு இதே பத்து விழுந்தது. அப்போது அது வெற்றி. எல்லாரும் கைதட்டினோம். டிஎம்மும்தான் தட்டினார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்த ரூல் எப்போதிலிருந்து?" இதைக் கேட்டதற்குத்தான் லாயர் பட்டம்.

திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டிஎம் விதியை மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றட்டும். பகடை உருளும் முன்னால் சொல்லிவிட்டு மாற்றட்டும். விழுந்த எண்ணைப் பார்த்துவிட்டு விதி சொன்னால் அதற்கு ஹவுஸ் ரூல், அதாவது மேசைக்கென்று வைத்துக்கொள்ளும் சொந்த விதி, என்று பெயர் கிடையாது. சின்னப் பிள்ளைகள் விளையாடும்போதே அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம், போங்காட்டம் என்று.

ஹவுஸ் ரூலுக்கு நான் எதிரி என்கிறார்கள். எங்கள் மேசையிலேயே எத்தனை ஹவுஸ் ரூல் இருக்கின்றன! 2014 விதிப்படி ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) குடிக்க, ஒரு முறையில் செய்யக்கூடிய முக்கியச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். பல மேசைகள் அதைக் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் ஆக்கிக்கொண்டன, நாங்களும்தான். 2024ல் வந்த புதிய விதிகளில் அது புத்தகத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. ஸ்கில் செக்கில் (திறமையைச் சோதிக்கும் உருட்டலில்) இருபது விழுந்தால் தானாக வெற்றி என்பதும் 2014 புத்தகத்தில் இல்லாத வழக்கம்தான். அதையும் சந்தோஷமாக ஆடுகிறோம். ஏன் சண்டை வரவில்லை? எல்லாருக்கும் முதலிலேயே தெரியும், அதனால்தான்.

அப்புறம் "டிஎம் வைத்ததுதான் சட்டம், புத்தகமே அப்படித்தான் சொல்கிறது" என்பவர்களுக்கு. சொல்கிறது, மறுக்கவில்லை. விதிகள் அல்ல, நடத்துபவர்தான் ஆட்டத்துக்குப் பொறுப்பு என்று 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் எல்லாரும் சேர்ந்து நல்லபடியாக ஆடத்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. 1974ல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய கைகாக்ஸும் ஆர்னெசனும் கொண்டுவந்த அந்த மூன்று சிறு புத்தகங்களில் ஆட்டம் நடத்துபவருக்கு ரெஃப்ரி என்றுதான் பெயர். அந்தக் காலத்து ஆட்டத்தை அடிக்கடி உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தப் பெயரை ஏன் மறந்துவிடுகிறீர்கள்? கோல் விழுந்தபிறகு கம்பத்தைத் தள்ளி நடுகிறவரை யாராவது ரெஃப்ரி என்பார்களா?

"பத்துக்கும் பதினொன்றுக்கும் ஐந்து சதவீதம்தானே வித்தியாசம்" என்று ஒருவர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரி. பத்தும் சேர்ந்தால் 55, சேராவிட்டால் 50. ஆனால் அன்றைக்கு விழுந்ததே அந்த ஐந்து சதவீதம்தானே. சராசரியா செத்தது? எட்டு மாதமாக ஆடிய ஒரு கேரக்டர் செத்தது.

நான் இதை வெளியிலிருந்து பேசவில்லை. நானும் டிஎம்மாக உட்கார்ந்தவள். நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன்.

பல மாதமாகக் கட்டி வைத்திருந்த ஒரு வில்லன். சண்டையின் முதல் சுற்றிலேயே மந்திரவாதியான விசர்டை ஆடியவர், எதிரியை அசையவிடாமல் கட்டும் ஹோல்டு மான்ஸ்டர் ஸ்பெல்லைப் போட்டார். வில்லன் அதிலிருந்து தப்புகிறானா என்று, டிஎம் பகடையை மறைக்கும் ஸ்கிரீனுக்குப் பின்னால் நான் உருட்டினேன். நான்கு. தோல்வி. வில்லன் அசையாமல் நிற்க வேண்டும், மற்றவர்கள் சுற்றி நின்று வெட்டுவார்கள், கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு மனசு வரவில்லை. "தப்பித்துவிட்டான்" என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த விசர்டு என் முகத்தையே பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் யோசித்து எதையும் முயற்சி செய்யவே இல்லை. முறை வந்தால் சாதாரண நெருப்பு ஸ்பெல்லான ஃபயர் போல்ட், அடுத்த முறை வந்தால் மறுபடியும் ஃபயர் போல்ட். முன்பெல்லாம் ஸ்பெல் பட்டியலை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருப்பவர், அதை எடுத்து வருவதையே விட்டுவிட்டார்.

பெரிய மான்ஸ்டர்களுக்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்று ஒன்றை விதியே கொடுத்திருக்கிறது. தோற்றுப்போன சேவ் உருட்டலை (மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்பும் உருட்டலை) ஒரு நாளில் மூன்று முறை வெற்றியாக மாற்றிக்கொள்ளலாம். அதை அந்த வில்லனுக்கு முதலிலேயே எழுதி வைத்திருந்தால், "ஒன்றைச் செலவழிக்கிறான்" என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். அவருடைய ஸ்பெல்லுக்கும் ஒரு மதிப்பு இருந்திருக்கும், எதிராளியின் கையிருப்பில் ஒன்று குறைந்த திருப்தியாவது கிடைத்திருக்கும். நான் பொய் சொன்னேன். அன்றிலிருந்து என் மேசையில் ஸ்கிரீன் கிடையாது, எல்லா உருட்டலும் நடுவில்தான்.

"விதி பேசினால் ஆட்டத்தின் ஓட்டம் கெட்டுப்போகும்" என்பது நியாயமான குறைதான். அரை மணி நேரம் புத்தகம் புரட்டுகிறவர்களோடு நானும் ஆடியிருக்கிறேன், கொடுமை. இரண்டு நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் டிஎம் ஒரு முடிவு சொல்லட்டும், ஆட்டம் முடிந்தபிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு கேரக்டரின் உயிர் தொங்கும்போது சந்தேகத்தின் பலனை ஆடுகிறவருக்குத் தரலாம். ஆனால் அன்றைக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பத்து என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

"வெறும் கேம்தானே" என்கிறீர்கள். வெறும் கேம் என்றால் பத்தைப் பத்தாகவே விட்டுவிடுவதில் என்ன நஷ்டம்?

எனக்கு உண்மையில் வலித்தது பகடைகூட இல்லை. போன மாதம் ஃபைட்டர் ஆடுகிறவர் ஒரு ரியாக்‌ஷன் விதியைச் சொல்லி டிஎம்மை நிறுத்தினார். "ஆமாம்பா, நல்லவேளை ஞாபகப்படுத்தினாய்" என்றார் டிஎம். ரோக் ஆடிய இவள் சேர்ந்த புதிதில், ரோக்கின் பதுங்கி அடிக்கும் அடியான ஸ்னீக் அட்டாக்குக்குத் தன் ஆள் ஒருவர் எதிரி பக்கத்தில் நின்றாலே போதுமே என்று மெதுவாகக் கேட்டாள். அவள் சொன்னது சரி. ஆனால் மேசையில் சிரிப்பு. "வந்தவுடனே வாதாட ஆரம்பிச்சாச்சா?" அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்டு நான் பார்க்கவில்லை. சனிக்கிழமையும் கேட்கவில்லை. ஷீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள், அவ்வளவுதான். டிஎம் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினாள்.

யார் கேட்டால் சந்தேகம், யார் கேட்டால் தகராறு என்று இங்கே ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் யாரும் செஷன் ஜீரோவில் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, பத்துன்னா பாஸ்தானே? நான்தான் தப்பாப் படிச்சிருக்கேனா?" எட்டு மாதம் ஆடியவள், விதியைச் சரியாகப் படித்தவள், தன்னைத்தான் சந்தேகப்படுகிறாள்.

வருகிற சனிக்கிழமை நான் வரவில்லை. என்னைச் சமாதானப்படுத்த யாரும் மெசேஜ் போட வேண்டாம். டிஎம் இதைப் படிப்பார் என்று தெரியும். அவள் நம்பர் அவரிடம் இருக்கிறது. கூப்பிட்டு, "நீ சரியாத்தான் படிச்சிருந்தே, நான் சொன்னதுதான் தப்பு" என்று அவளிடம் சொல்லட்டும். ரோக் திரும்ப வருகிறதா இல்லையா என்பதை அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும்.